கார் பக்கம் பெட்ரோல் வாசனை வந்தால்...



பதிவு கொஞ்சம் நீளம். வழக்கம்போல ஒரு டீயோடு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் ஒரே ஒரு வரியை மட்டும் கையோடு கொண்டு போங்கள்: கார் பக்கம் பெட்ரோல் வாசனை வந்தால், கசிவைத் தேடுவதற்கு முன்னால் நெருப்பைத் தேடுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். குசலம் விசாரித்து முடித்ததும் மெல்ல விஷயத்துக்கு வந்தான். "டீச்சர், நீங்க கெமிஸ்ட்ரி எடுத்தவங்க, அதான் கேக்கறேன். காலையில காரைத் திறந்தா பெட்ரோல் வாசனை அடிக்குது. சர்வீஸ்ல விட்டா ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வீட்லயே நானே செக் பண்ணிப் பாக்கலாமா? மச்சான் வேற சோப்பு தடவினா நின்னுடும்ங்கறார்."

இரண்டு கேள்விகளும் நல்ல கேள்விகள். இந்த வருஷம் அபிராமபுரத்தில் எங்கள் குடியிருப்பிலேயே இதே விஷயம் நடந்ததால் எனக்கு விவரமும் தெரிந்திருந்தது. அவனுக்குப் பத்து நிமிஷத்தில் சொன்னதை எல்லோருக்கும் விரிவாக எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் இப்போது கார் இருக்கிறது. மீதிப் பேர் வீட்டுக்குக் கீழே அடுத்தவர் கார் நிற்கிறது. ஆகவே இது எல்லோருக்குமான பாடம்.

முதலில் கொஞ்சம் வேதியியல். பயப்படாதீர்கள், சமன்பாடு எதுவும் எழுதப் போவதில்லை.

நம் கண்ணுக்குத் தெரியும் பெட்ரோல் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. ஒரு திரவம் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்று படித்தோம். பெட்ரோலுக்கு அது மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்கு அருகில். அதாவது மார்கழி விடியற்காலையானாலும் சரி, அக்னி நட்சத்திர மதியமானாலும் சரி, சென்னையில் திறந்து கிடக்கும் பெட்ரோல் எப்போதும் எரியத் தயாராகவே இருக்கிறது. டீசலுக்கு நம் நாட்டுத் தரவிதிப்படி இது குறைந்தது 35 டிகிரி. அதனால்தான் டீசல் கொஞ்சம் சாது. ஆனால் மே மாதத்தில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது அந்தச் சாதுவையும் நம்ப முடியாது.

இரண்டாவது விஷயம், பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. சாம்பிராணிப் புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் கொட்டினால் எப்படித் தரையோடு ஓடிப் பள்ளம் பார்த்துத் தேங்குமோ அப்படித்தான் இதுவும். நின்றுகொண்டு மோந்து பார்த்தால் லேசாகத் தெரியும் வாசனை, குனிந்தால் குப்பென்று அடிக்கும்.

மூன்றாவது, அளவு. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். ஒரு கணக்குப் போடுவோம். 100 மில்லி பெட்ரோல் என்பது அரை டம்ளர். அது முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 18 லிட்டர் ஆவி. அது காற்றோடு கலந்தால் பற்றக்கூடிய கலவை ஆயிரம் லிட்டருக்கும் மேல். உங்கள் மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் கசிவு, ஒரு தொட்டி நெருப்பு.

இதில் ஒரு ஆறுதலும் உண்டு. நம் மூக்கு மிக நல்ல கருவி. பற்றிக்கொள்ளத் தேவையான அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே அது கண்டுபிடித்துவிடும். ஆகவே வாசனை வந்த உடனே வெடித்துவிடும் என்று அலற வேண்டாம். சீக்கிரமே சொல்லிவிட்டது என்று மூக்குக்கு நன்றி சொல்லிவிட்டுக் காரியத்தைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பத்து நிமிஷம் அதே வாசனையில் இருந்தால் மூக்குக்குப் பழகிப்போய், வாசனை இல்லாதது போலவே தோன்றும். அப்புறம் "இப்ப இல்லியே, போயிடுச்சே" என்போம். வாசனை அங்கேயேதான் இருக்கும். வெளியிலிருந்து வருகிறவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் முதலில் சொன்னது வாட்ச்மேனின் மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சாயங்காலம் என்னிடம் அறிவியல் படிக்க வருவாள். ஒருநாள் ஸ்கூல் பையை வைத்துவிட்டு, "பாட்டி, எங்க ரூம்ல ராத்திரி பெட்ரோல் பங்க் வாசனை வருது. அம்மாகிட்ட சொன்னா உனக்கு மட்டும்தான் வருதுங்கறாங்க" என்றாள்.

எங்கள் கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டைப் பக்கம் எந்த அபார்ட்மென்டை நினைத்துக்கொண்டாலும் சரியாக இருக்கும். தூண்கள்மேல் மூன்று மாடி, கீழே கார் நிறுத்தம். அந்தக் கீழ்த்தளத்தில் கார்கள் மட்டுமா இருக்கின்றன? சுவரில் வரிசையாக ஈ.பி. மீட்டர்கள். பக்கத்தில் தண்ணீர் மோட்டார், அதன் ஸ்விட்ச். யாரோ மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடும் ஒயர். படிக்கட்டுக்கு எதிரே மாடத்தில் பிள்ளையார், அவருக்கு முன்னால் விளக்கு. படிக்கட்டுக்குக் கீழே வாட்ச்மேன் குடும்பத்தின் அறை. அதில் ஒரு கேஸ் அடுப்பு. மூன்று பேரும் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தரையோடு போகும் ஆவி தரையில் படுப்பவர்களிடம்தான் முதலில் போகும். கார் வைத்திருப்பவர்கள் மாடியில், கட்டிலில். காரே இல்லாதவர்கள் காருக்குப் பக்கத்தில், தரையில். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வருகிறவள், அவள் மூக்குக்குப் பழகவில்லை. அவள் அம்மாவோ நாள் முழுக்க அங்கேயே இருக்கிறவர்.

கீழே போய்க் குனிந்து பார்த்தேன். வாசனை இருந்தது. எங்கள் காரிடமிருந்துதான் வந்தது. 2009இல் என் கணவர் வாங்கியது. அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. பதினைந்து வருஷம் முடிந்த பிறகு பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு நாள் ஒரு தம்பி வந்து ஓட்டுவார். கோயிலுக்கும் மருத்துவரிடமும் போய் வருவேன்.

அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசைதான் முக்கியம்.

வாட்ச்மேன் மனைவியிடம் அடுப்பு பற்றவைக்க வேண்டாம் என்று சொன்னேன். பிள்ளையார் விளக்கைக் கார் பக்கம் எடுத்து வராமல் மாடத்திலேயே மூடிக் குளிரவைத்தோம். மோட்டார் ஸ்விட்சையோ லைட் ஸ்விட்சையோ யாரும் தொடக் கூடாது என்றேன். போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது. ஸ்விட்சைத் தட்டும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி வரும். இரண்டு திசையிலும் வரும். மூன்றாவது மாடியிலிருந்து "தண்ணி வரல, மோட்டார் போடுங்க" என்று குரல் வந்தது. "ஒரு மணி நேரம் பொறுத்துக்குங்க" என்று பதில் குரல் கொடுத்தேன். வாயில் கேட் இரண்டையும் திறந்துவைத்தோம். அந்தக் குடும்பத்தை வெளியே உட்கார வைத்தோம்.

தரையில் பெட்ரோல் தேங்கியோ சொட்டியோ இருக்கவில்லை; வாசனை மட்டும்தான். அதனால் ஸ்டியரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பி, நியூட்ரலில் போட்டு, நான்கு பேர் தள்ளித் தெருவில் மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினோம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை. தேங்கியிருந்தால் காரைத் தொடவே மாட்டேன். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தள்ளி நின்று 101க்கோ 112க்கோ போன் செய்திருப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடக் கூச்சம் வேண்டாம். நெருப்பு வருமுன் கூப்பிட்டால் அவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டரிலிருந்து ஆள் வந்து காரை எடுத்துப்போய்ப் பார்த்தார்கள். "லீக் எதுவும் இல்ல மேடம், பழைய கார்னா கொஞ்சம் வாசனை இருக்கும்" என்று திருப்பி அனுப்பினார்கள். எதிர்வீட்டு அம்மாவும் அதையே சொன்னார். "கார்னா வாசனை வராதா டீச்சர்?" வராது. நல்ல நிலையில் இருக்கும் காரில், பெட்ரோல் போட்ட உடனே சிறிது நேரம் தவிர, பெட்ரோல் வாசனை வரக் கூடாது. டேங்கிலிருந்து எழும் ஆவியைக்கூடப் பிடித்து வைக்கக் கரி நிரப்பிய ஒரு டப்பா காரிலேயே இருக்கிறது. வாசனை வருகிறதென்றால் ஏதோ ஒன்று திறந்திருக்கிறது என்றுதான் பொருள்.

காரை உள்ளே விடாமல் தெருவிலேயே வைத்துக்கொண்டு, லேப் நோட்டு மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, எவ்வளவு பெட்ரோல் இருந்தது, எங்கே நின்றது, வெயிலா நிழலா, வாசனை உண்டா இல்லையா. ஐந்து வாரம் எழுதியதில் விடை தானாக வந்தது. டேங்க் நிறைந்திருந்த நாட்களில் மட்டும் வாசனை. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் இல்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனபோது டேங்கில் கால்வாசிதான் இருந்தது. அவர்கள் கண்ணில் எதுவும் படாததில் ஆச்சரியமில்லை.

மந்தைவெளிப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "டேங்க் ஃபுல்லா இருந்தா மட்டும்னா மேல் பக்கம்தான்மா" என்றார். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் மறைப்பைக் கழற்றினார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் தடித்த ரப்பர் ஹோஸ், மேல்பக்கம் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. அதைப் பிடிக்கும் கிளிப் துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. பட்டினப்பாக்கம் கடற்காற்று எங்களுக்கு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கள் தெருவில் நின்ற தண்ணீரை அந்தக் கிளிப்பும் பார்த்திருக்கிறது. ஹோஸ், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதற்கப்புறம் டேங்க் நிறைய ஊற்றி, தெருவில் இரண்டு நாள் நிறுத்தி, அந்தப் பெண்ணையே கூட்டிப்போய் மோந்து பார்க்கச் சொன்னேன். "இல்ல பாட்டி" என்றாள். அதற்குப் பிறகுதான் கார் உள்ளே வந்தது.

இனி, வீட்டில் நீங்களே பார்ப்பது எப்படி என்று வருகிறேன். ஒன்றை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நம் வேலை கண்டுபிடிப்பது மட்டும். சரிசெய்வது மெக்கானிக் வேலை.

1. கார் திறந்தவெளியில் நிற்க வேண்டும். சந்தேகம் வந்த காரைக் கட்டடத்துக்குக் கீழே ஒரு ராத்திரிகூட விட வேண்டாம். பக்கத்தில் டீக்கடை அடுப்போ, இஸ்திரி வண்டியின் கரியோ, சிகரெட் பிடிக்கிறவரோ இருக்கக் கூடாது.

2. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலை ஆறரை, ஏழு மணி நல்ல நேரம். ராத்திரி முழுக்க நின்றிருக்கும், வெளிச்சமும் இருக்கும். பகல் வெளிச்சம்தான் சிறந்த விளக்கு. டார்ச் வேண்டுமென்றால் பத்தடி தள்ளி நின்று ஆன் செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள். தள்ளிப் போய் அணையுங்கள். ஒயரோடு கூடிய பல்பு வேண்டாம். தீக்குச்சி, லைட்டர் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

3. பருத்தி உடை. கையில் ஒரு பழைய கைக்கண்ணாடி, பொட்டு வைக்கப் பார்ப்போமே அதுதான். காருக்குக் கீழே தலையை நுழைக்காமலே அடிப்பக்கத்தைப் பார்க்க அது போதும். ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கிவிட்டு அடியில் படுக்கவே கூடாது. வீட்டு ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான்; அது நழுவினால் பெட்ரோல் பயமே தேவையில்லாமல் போய்விடும்.

4. முதல் நாள் ராத்திரி ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காருக்கு அடியில் விரித்துவையுங்கள். காலையில் கறை எங்கே என்று பாருங்கள். முன்பக்கம் நிறமும் வாசனையும் இல்லாத ஈரம் என்றால் ஏ.சி. தண்ணீர். சென்னையில் அது சகஜம். கறுப்பு அல்லது பழுப்பு, வழுக்கும் என்றால் எஞ்சின் ஆயில். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் லேசான இனிப்பு வாசனை என்றால் கூலன்ட். எண்ணெய்ப்பசையோடு மண்ணெண்ணெய் மாதிரி வாசம் என்றால் டீசல். பெட்ரோல் என்றால் பெரும்பாலும் காய்ந்துபோயிருக்கும். ஒரு மெல்லிய வளையமும் வாசனையும்தான் மிஞ்சும். அட்டை சுத்தமாக இருப்பதால் கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெட்ரோல் நனைந்த அட்டையை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே காயவிடுங்கள்.

5. மோந்து பார்ப்பதை நான்கு இடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் மூடி, அதைச் சுற்றி, பின்சக்கரத்தின் பக்கம், பின்சீட்டுக்கு அருகே, ஏனென்றால் பல கார்களில் டேங்கும் பம்பும் அதற்குக் கீழேதான், கடைசியாகப் போனட் திறந்து. எங்கே அதிகம் என்று நோட்டில் எழுதுங்கள். மெக்கானிக்குக் கொடுக்க அதுதான் பெரிய உதவி.

6. கண்ணால் பார்க்க வேண்டியவை: மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, மூடி சரியாகப் பூட்டுகிறதா, ஹோஸ்களில் கீறல், உப்பல், ஈரம், கிளிப் துரு. எலிக்கடியையும் தேடுங்கள். நம் ஊர் எலிகளுக்கு ஒயரும் ரப்பர் ஹோஸும் பலகாரம். நாள் கணக்கில் எடுக்காத காருக்குள் அவை குடித்தனமே நடத்தும்.

7. காரை ஸ்டார்ட் செய்து பார்க்கும் சோதனை வீட்டில் வேண்டாம். இப்போதைய பெட்ரோல் கார்களில் பம்பு காற்றழுத்தத்தைப் போல மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. நேரடி ஊசிமுறை எஞ்சின்களில் அதைவிட மிக அதிகம். நின்ற காரில் தெரியாத கசிவு ஓடும்போது பீய்ச்சும். அந்தச் சோதனையை, தீயணைப்பானும் அனுபவமும் உள்ள இடத்தில் மெக்கானிக் செய்யட்டும். ஆகவே வீட்டுச் சோதனையில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும், வாசனை இருக்கிறதென்றால் காரை ஓட்டிப்போகாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள், அல்லது இழுவை வண்டியில் அனுப்புங்கள்.

8. கையில் பெட்ரோல் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நம் பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காடு வரை இருக்கலாம். அது புற்றுநோய் தரக்கூடியது. வாயால் டியூப் வைத்து உறிஞ்சும் பழைய பழக்கமும் யாருக்கும் வேண்டாம்.

இனி மச்சான் சொன்ன சோப்பு. அவரைக் கேலி செய்யாதீர்கள். அம்பாசடர் காலத்தில் ஓட்டுநர்கள் டேங்க் ஓட்டையில் பார் சோப்பைப் பிசைந்து அப்பி ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது, அதனால் கொஞ்ச நேரம் நிற்கும். நல்ல வேதியியல்தான். ஆனால் அது அழுத்தமே இல்லாத இரும்பு டேங்குக்கு, அதுவும் வழியில் மாட்டிக்கொண்ட அவசரத்துக்கு. அழுத்தத்தில் ஓடும் ஹோஸில் சோப்பும் நிற்காது, எம்-சீலும் நிற்காது, சைக்கிள் டியூப் கட்டும் நிற்காது. நின்றது போலத் தோன்றுவதுதான் அதில் இருக்கும் ஆபத்து.

பங்கில் ஒரு பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் போடும்போது டேங்க் நிறைந்ததும் குழாய் டக்கென்று தானே நின்றுவிடும். உடனே நாம், "ரவுண்டா போட்டுடுப்பா" என்போம். அந்த ரவுண்டு வேண்டாம். டேங்கில் விட்டிருக்கும் காலி இடம் வீணாக விட்டதில்லை. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். காலையில் 25 டிகிரியில் 40 லிட்டர் போட்டு, மதியம் டேங்க் 40 டிகிரிக்குச் சூடானால் அரை லிட்டருக்கு மேல் பெருகும். அந்த அரை லிட்டருக்கு இடம் வேண்டாமா? இடமில்லாவிட்டால் அது கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுக்கும், அல்லது பலவீனமான ஹோஸைத் தேடும்.

இப்போது எல்லோரும் கேட்கும் இ20 பற்றி. 2014 வாக்கில் நம் பெட்ரோலில் எத்தனால் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. 2022 ஜூனில் 10 விழுக்காட்டைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு கலந்த இ20 விற்பனைக்கு வந்தது. 2025இல் நாடு முழுக்க அந்த 20ஐ எட்டிவிட்டோம். எத்தனால் சில வகைப் பழைய ரப்பர்களை உப்பவைக்கும், பிறகு கெட்டியாக்கும்; தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், அது செலவு குறைந்த வேலை, வழக்கமான சர்வீஸிலேயே செய்துகொள்ளலாம் என்று விளக்கம் கொடுத்தது. எங்கள் ஹோஸ் வெடித்தது வயதாலா, உப்புக்காற்றாலா, எத்தனாலாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதைப் பற்றிச் சண்டை போடுவதைவிட, 2023க்கு முன்பு வாங்கிய கார் என்றால் அடுத்த சர்வீஸில் "பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் பாருங்க, சந்தேகம்னா மாத்திடுங்க" என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது மேல்.

புதுக் கார்தானே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2014 ஏப்ரலில் மாருதி நிறுவனம் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளில் 1,03,311ஐ, பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயை மாற்றித் தருவதற்காகத் திரும்ப அழைத்தது. 2019 ஆகஸ்டில் 40,618 வேகன்ஆர் கார்களை, எரிபொருள் ஹோஸ் ஓர் உலோகக் கிளிப்பில் உரசக்கூடும் என்பதால் அழைத்தது. எல்லாம் ஓரிரண்டு வருஷம்கூட ஆகாத வண்டிகள். ஒரு நிறுவனம் தானே முன்வந்து அழைப்பது நல்ல விஷயம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் அந்த அழைப்பைப் பார்க்காமல் விடுவதுதான் கெடுதல். உங்கள் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டால் திரும்ப அழைப்பு ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் வேலை இலவசம். பழைய கார் வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள்; கடிதம் முந்தைய சொந்தக்காரருக்குப் போயிருக்கும்.

எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னபோது முதலில் சலிப்புதான். "ஒரு காருக்கு நடந்ததுக்கு எல்லாரும் செலவு பண்ணணுமா?" என்று ஒருவர் கேட்டார். நான் அந்த அரை டம்ளர் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பிறகு, "நம்ம கட்டடத்தில் தரையில படுக்கறது யாரு?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு வேலை நடந்தது. வாட்ச்மேன் குடும்பத்தின் அடுப்பைப் பின்பக்கக் காம்பவுண்டை ஒட்டிய காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, மேலே ஷீட் போட்டுக் கொடுத்தோம். அவர்கள் அறைக்குப் பின்சுவரில் ஒரு ஜன்னல் வந்தது. அறை வாசலுக்கு எதிரே கார் நிறுத்தும் இடத்தை இருசக்கர வண்டிகளுக்கு ஒதுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதிலும் பெட்ரோல்தானே இருக்கிறது என்று மறுத்து, அந்த இடத்தைக் காலியாகவே விட்டோம். பிள்ளையார் மாடம் கேட் பக்கம் திறந்தவெளிக்கு வந்துவிட்டது. தெருவில் போகிறவர்களும் கும்பிடுகிறார்கள், அவருக்கு லாபம்தான். சுவரில் தொங்கிய தீயணைப்பானின் காலாவதித் தேதி எப்போதோ முடிந்திருந்தது. அதை மாற்றி, ஏ.பி.சி. பவுடர் வகை இரண்டு வாங்கி மாட்டினோம். பக்கத்தில் இரண்டு வாளி மணல். பெட்ரோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து, எரிந்துகொண்டே ஊரெல்லாம் போகும் என்று வாட்ச்மேனுக்கும் அவர் மனைவிக்கும் சொல்லி, தீயணைப்பானைப் பிடித்து இயக்கவும் பழக்கினோம். போனட்டுக்குள் புகை வந்தால் திறந்து பார்க்காமல் ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். கார் போனால் இன்ஷூரன்ஸ் தரும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: உங்கள் அப்பா அம்மா இங்கே தனியாக இருக்கிறார்கள். கீழே உங்கள் பழைய கார் தூசி மூடி நிற்கிறது. "இருக்கட்டும், வரும்போது ஓட்டலாம்" என்று வைத்திருக்கிறீர்கள். வயதானால் மூக்கின் கூர்மையும் குறையும். இந்த வார போன் பேச்சில், பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு அந்தக் காருக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

கடைசியாக வீட்டுப்பாடம். ரிடையர் ஆனாலும் அதைக் கொடுக்காமல் எனக்குத் தூக்கம் வராது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, கார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போங்கள். ஒரு தாளில் படம் வரையுங்கள். கார்கள் எங்கே, ஸ்விட்சுகள் எங்கே, விளக்கு எங்கே, அடுப்பு எங்கே, யார் எங்கே படுக்கிறார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அதற்குத்தான் மார்க் அதிகம். படத்தை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். சந்தேகம் இருப்பவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போன் செய்யலாம். போன் செய்யும் முன் கார் வெளியே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் பத்திரமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்,
அபிராமபுரம்